தவறுதலாக நேர்ந்த பதின்மூன்று மரணங்கள்

பெப்ரவரி 6, செவ்வாய்

கிணறு: தண்ணீர் கயிற்றில் ஏழாம் முடிச்சில். மழை இல்லை. இடது கடைவாய்ப் பல் நோவு.

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் நான்கு கிராம சேவகர் பிரிவுகளிலும் கடந்த பத்து வருடங்களில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் மரணங்களை மீளாய்வு செய்ய ஒரு குழு அமைக்கிறார்களாம். யாரையும் தண்டிப்பதற்கு அல்ல, அடுத்த மரணத்தைத் தடுப்பதற்கு என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறது. ஓய்வுபெற்ற திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற வகையில் நானும் ஓர் உறுப்பினர்.

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு பன்னிரண்டு வருடங்கள் அந்த வேலையைச் செய்தேன். ஒருவர் எதிர்பாராமல் இறந்தால் பொலிஸார் அழைப்பார்கள். போய்ப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பின்தான் உடலைக் கொடுப்பார்கள். விட்டு நாலு வருடமாகிறது.

மறுத்துக் கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பந்தி சரியாக அமையவில்லை. கிழித்துவிட்டேன்.

பெப்ரவரி 7, புதன்

மறுப்புக் கடிதம் எழுதவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்டினேன்.

பெப்ரவரி 13, செவ்வாய்

முதல் கூட்டம். மேசையில் நான்கு பேர். வைத்திய அதிகாரி டொக்டர் துளசிகா, முப்பத்தைந்து வயதிருக்கும். பிரதேச செயலகத்திலிருந்து திட்ட உத்தியோகத்தர் கோபிராஜ். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் யோகராணி; கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். நான்காவது நான். ஆளுக்கொரு பற்றிஸும் தேநீரும் வந்தன. என் பல்லுக்குப் பற்றிஸ் ஆகாது. கோபிராஜ் கேட்டு எடுத்துக்கொண்டார்.

டொக்டர் விளக்கினார். பத்து வருடத்தில் பதிவான இத்தகைய மரணங்கள் ஐந்து. அவற்றில் நான்கு பேர், இறப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் இதே முயற்சிக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து, சுகமாகி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். அதன் பிறகு அவர்களை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

"எப்பிடிச் செத்தவை எண்டது எனக்கு வேண்டாம். கடைசியா எந்தக் கதவைத் தட்டினவை, அந்தக் கதவு திறந்ததோ? அதைத்தான் ஒவ்வொரு ஆளுக்கும் நாங்கள் கேக்க வேணும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களை ஒரு கிழமைக்குள் போய்ப் பார்க்க ஒரு வீட்டுத் தரிசிப்பு உத்தியோகத்தர் வேண்டும். அதுதான் அவருடைய கோரிக்கை. கோபிராஜ் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வைத்தார். பத்து வருடத்தில் பதினைந்துக்குக் குறைந்தால் நியமனம் இல்லை.

"ஐஞ்சுதானே டொக்டர். எங்கட பகுதி நல்ல பகுதி. சந்தோசப்பட வேண்டிய விசயம்."

"யோகராணி பாக்க ஏலாதோ?" என்று நான் கேட்டேன். கேட்டபின் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"வயித்தில பிள்ளை இல்லாட்டி என்ர கொப்பியில பேர் இல்லை மாஸ்டர்" என்றார் யோகராணி. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பதினைந்து பேர் செத்தால்தான் ஒரு ஆளை அனுப்புவார்களாம். பதினான்காவது ஆளின் தாய்க்கு இந்தச் சுற்றறிக்கையை யார் வாசித்துக் காட்டுவது? இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

புறப்படும்போது டொக்டர் ஒரு பெட்டியைத் தந்தார். 'விபத்து' என்று பதிவான இருபத்தேழு படிவங்களின் பிரதிகள். "உங்கட கையெழுத்து மாஸ்டர். ஒருக்காப் பாருங்கோ. அவசரமில்லை."

அவசரமில்லை என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார்.

பெப்ரவரி 15, வியாழன்

படிவங்களை ஆண்டு வாரியாக அடுக்கினேன். பாம்பு கடித்தது, பனையிலிருந்து விழுந்தது, வீதி விபத்து, இவை பதினான்கு. அவற்றைக் கட்டித் தனியே வைத்தேன்.

மிகுதி பதின்மூன்றிலும் ஒரே வசனம். "தவறுதலாக நேர்ந்த மரணம்." அழகான, வரி பிசகாத கையெழுத்து. கரும்பலகையில் முப்பது வருடம் பழகிய கை.

ஒரு படிவம் பிரதி எடுத்ததில் தெளிவில்லை. அதை மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஆக, பன்னிரண்டு.

பெப்ரவரி 18, ஞாயிறு

கிணறு: எட்டாம் முடிச்சு.

எப்படி நடந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். நான் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை.

ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் கீழே வீட்டார் நிற்பார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கியதும் அவர்களில் ஒருவர், பெரும்பாலும் ஒரு மாமன் அல்லது சித்தப்பன், கிட்டே வந்து தோளில் கை வைப்பார். "மாஸ்டர், உண்மை உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். பேப்பரில தவறுதலா எண்டு போட்டுவிடுங்கோ. தங்கச்சிக்காரி இருக்கிறாள்." அல்லது "கோயில் உபயம் எங்கட முறை." அல்லது வெறுமனே "ஊர் கதைக்கும்." பொலிஸ்காரர் மறுபக்கம் திரும்பித் தொலைபேசியில் பேசுவார். அவருக்கும் வேலை குறைவு. நான் எழுதுவேன். வீட்டார் கைகூப்புவார்கள். ஒரு முறை ஒரு கிழவர் என் காலைத் தொட வந்தார்.

இதைக் கருணை என்று நினைத்தேன். ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது என்பதே சரியான விளக்கமாக இருக்கலாம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் டயறியில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். விடையைத் தப்பாக எழுதிவிட்டுச் செய்கை வழியை மட்டும் சரியாக வைத்திருக்கும் மாணவனைப் போல. இன்று 2014 முதல் 2020 வரையான டயறிகளை இறக்கினேன். 2016 அகப்படவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் இருக்கக்கூடும். இந்த வயதில் ஏணி ஏறுவது புத்தியல்ல.

பெப்ரவரி 22, வியாழன்

பன்னிரண்டையும் டயறியோடு ஒப்பிட்டு முடித்தேன். 2016இல் இரண்டு, அவற்றை ஞாபகத்திலிருந்து எழுதினேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முன்பு ஒருமுறையேனும் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர்கள். நானே எழுதிவைத்திருக்கிறேன். "இரண்டு கிழமைக்கு முன் வார்ட்டில் இருந்தவன்." "மாசி மாதம் துண்டு வெட்டி வந்தவள்." ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன். ஒன்பதையும் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை. கணித ஆசிரியன்!

ஐந்தும் பன்னிரண்டும் பதினேழு. பதினைந்துக்கு மேல். போதும்.

பெப்ரவரி 28, புதன்

பெயர் வெளியே வராது, இலக்கம் மட்டுமே போகும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வீட்டாரைக் கேட்காமல் கொடுப்பது முறையல்ல. முதலில் இராசமலரிடம் போனேன். 2018இல் அவருடைய மகன் டினோஜன், பத்தொன்பது வயது. வேப்பமரத்தின் கீழ் என் தோளில் கை வைத்தவர் அவருடைய கணவர். "தங்கச்சிக்காரி இருக்கிறாள் மாஸ்டர்." அந்தத் தங்கச்சி கஸ்தூரி. போன கார்த்திகையில் அவளும் போய்விட்டாள். புதிய விசாரணை அதிகாரி உள்ளதை எழுதினார். பதிவான ஐந்தில் கடைசி அவள்தான்.

இராசமலர் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். கதிரை போட்டார். சொல்ல வந்ததை மூன்று வசனமாக ஆயத்தம் செய்து போயிருந்தேன். முதல் வசனத்திலேயே நிறுத்தினார்.

"அப்ப அது தவறுதலா நடந்ததில்லை எண்டு இப்ப எழுதப் போறியள்."

"நீங்கள் சம்மதிச்சால்…"

"அண்டைக்கு என்னட்டச் சம்மதம் கேட்டனீங்களே? இவர் கேட்டார், நீங்கள் எழுதினீங்கள். தாயை ஆர் கேட்டது?"

அவர் மிளகாயைக் கிளறத் தொடங்கினார்.

"எனக்கு என்ன சொன்னவை தெரியுமோ? பேப்பரில அப்பிடிப் போட்டாச்சு, இனி வாய் திறக்காதை எண்டு. அவனைப் பற்றி இந்த வீட்டில ஒரு கதை கதைக்கேல்லை மாஸ்டர். ஐஞ்சு வருசம். அந்தப் பிள்ளை தமையனை நினைச்சு அழக்கூட ஏலாமல் திரிஞ்சவள். நான் என்னெண்டால், மாஸ்டர் எங்கட மானத்தைக் காப்பாத்தினவர் எண்டு உங்களைக் காணேக்க எல்லாம் கும்பிட்டனான்."

மிளகாயைக் கிளறிய கை நிற்கவே இல்லை. காரம் கண்ணில் பட்டதாகச் சொல்லி முகத்தைத் துடைத்தேன்.

"எழுதுங்கோ. பேரையும் எழுதுங்கோ. இலக்கம் வேண்டாம். டினோஜன் எண்டே எழுதுங்கோ" என்றார். வாசல் படலைவரை வந்துவிட்டுக் கேட்டார்:

"உங்கட வீட்டுப் பேரும் நீங்கள் எழுதப் போற கொப்பியில இருக்குதோ மாஸ்டர்?"

நேரமாகிறது என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன்.

பெப்ரவரி 29, வியாழன்

பல் பிடுங்கினார்கள். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 5, செவ்வாய்

பஸ் தரிப்பில் யோகராணியைக் கண்டேன். குடைக்குள் கூப்பிட்டார். வெயில் அப்படி.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் துண்டு வெட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். இருபத்தாறு வயது. வார்ட்டுத் தாதி இரகசியமாகச் சொன்னாராம். தன் வேலை முடிந்த பிறகு அங்கேதான் போகிறாராம்.

"ஆர் கேட்டாலும் தொட்டில் பிள்ளைக்கு நிறை பாக்க வந்தனான் எண்டு சொல்லுவன்."

"அந்த வீட்டில தொட்டில் பிள்ளை இருக்கோ?"

"இல்லை" என்று சிரித்தார். "பக்கத்து வீட்டில இருக்கு."

பிறகு, "சில வீட்டில உள்ளுக்க விடாயினம் மாஸ்டர். படலையோட திருப்பி அனுப்பிப் போடுவினம். இப்ப எனக்குப் பழகிட்டுது" என்றார்.

பஸ் வந்துவிட்டது. எனக்கு அந்த பஸ் அல்ல. இருந்தும் ஏறிவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். பன்னிரண்டு என்று சொன்னேன்; மற்ற வீட்டாரும் இலக்கம் மட்டும் என்றால் சரி என்றிருந்தார்கள். டயறிகளை மேசையில் வைத்தேன்.

கோபிராஜ் சிரித்தார். "மாஸ்டர், விடைத்தாள் திருத்துற பழக்கம் இன்னும் போகேல்லை. உங்கட விடைத்தாளையே இப்ப திருத்துறியள்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இதைப் பதிஞ்சால், ஒரு அதிகாரி பன்னிரண்டு தரம் பொய் எழுதினவர் எண்டும் பதிய வேண்டி வரும். நாளைக்கு விசாரணை அது இது எண்டு வந்தால் நான் பொறுப்பில்லை. உங்கட வயசுக்கு இது தேவையோ? ஐஞ்சு எண்டே விடுவம். ஊருக்கும் நல்ல பேர்."

வழமையாக நான் இந்த இடத்தில் டயறிகளைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்திருப்பேன். வைக்கத்தான் போனேன். மேலே இருந்தது 2018. இராசமலரின் கை மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தது கண்ணில் வந்தது.

"ஊருக்கு நல்ல பேர் குடுத்தது நான்தான் தம்பி" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்த எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார். "பன்னிரண்டு வருசம் குடுத்தனான். அந்த நல்ல பேரைத்தான் நீர் இப்ப சுற்றறிக்கையில வாசிக்கிறீர். ஐஞ்சு எண்டது உம்மட கணக்கில்லை, என்ர பொய். அதை வைச்சு ஒரு ஆளை அனுப்ப ஏலாது எண்டு சொல்ல உமக்கு வெக்கமா இல்லையோ?"

என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

கோபிராஜ் முகம் சிவந்து, "சரி, அடுத்த கூட்டத்தில மேலிடத்துக்கு எழுதுவம்" என்றார். டொக்டர் டயறிகளைப் புரட்டினார். "2014, 15, 17… 2016 எங்கை மாஸ்டர்?"

"தேட வேணும்" என்றேன்.

யோகராணி தன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவருக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். ஒரு நாள்கூட, ஒரு சொல்லால்கூட…

மார்ச் 13, புதன்

நேற்று எழுதியதில் கடைசி வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

கிணறு: ஒன்பதாம் முடிச்சு. அடுத்த வீட்டுப் பூனை தவமணியின் அறைக்குள் குட்டி போட்டிருக்கிறது. யன்னல் கண்ணாடி உடைந்த வழியால் போயிருக்கிறது. கதவைத் திறக்க வேண்டியிருந்தது. தையல் மெசின் அப்படியே இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

ஏணி எடுத்தேன். 2016 மேல்தட்டில்தான் இருந்தது. அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். நானே வைத்தது.

ஐப்பசி மாதப் பக்கங்களில் கிணற்று அளவு இருக்கிறது. மழை அளவு இருக்கிறது. தவமணியைப் பற்றி ஒரு வரி இல்லை. மற்றவர்களின் பன்னிரண்டு வீடுகளைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதியவன், என் வீட்டைப் பற்றி டயறியில்கூடப் பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை.

ஆகவே இப்போது எழுதுகிறேன்.

தவமணி என் தங்கை. கணவன் இறந்த பிறகு என் வளவிலேயே இருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. 2016 புரட்டாதிக் கடைசியில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். நாலாம் நாள் கூட்டி வந்தேன். ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவளிடம், "இனி இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது" என்று சொன்னேன். அவள் "ஓம் அண்ணா" என்றாள். ஐந்தாம் நாள் காலை யோகராணி படலையில் நின்றார். "அக்காவை ஒருக்காப் பாத்திட்டுப் போறன் மாஸ்டர்." தவமணி குசினியில் இருந்தாள்; படலையிலிருந்து குசினி யன்னல் தெரியும். அவளுக்குக் குரல் கேட்டிருக்கும். "நித்திரை. பிறகு வாரும்" என்று சொல்லி, படலையின் கொளுவியைப் போட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு தவமணி இல்லை.

உறவினர் இறந்தால் அடுத்த பிரிவு அதிகாரியை அழைக்க வேண்டும் என்பது விதி. அழைக்கவில்லை. வேப்பமரத்தின் கீழ் யாரும் என் தோளில் கை வைக்கவில்லை. கேட்க ஆள் தேவைப்படவும் இல்லை. நானே எழுதினேன், நானே கையெழுத்திட்டேன். தவறுதலாக நேர்ந்த மரணம்.

லாச்சிக்குள் இருக்கும் படிவம் தெளிவாகத்தான் இருக்கிறது.

மார்ச் 26, செவ்வாய்

மூன்றாவது கூட்டம். கோபிராஜ் கடிதத்தை ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார். "பதினேழு எண்டு அடிச்சிருக்கிறன். சரிதானே மாஸ்டர்?" என்று கேட்டார். போன தடவைக்குப் பிறகு என்னோடு அடக்கமாகப் பேசுகிறார். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பதினேழு போதும். ஆள் கிடைக்கும். இன்னொன்றைச் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பதினெட்டு" என்றேன். படிவத்தை மேசையில் வைத்தேன்.

டொக்டர் வாசித்தார். என்னைப் பார்த்தார். தான் தயாரித்த கேள்விகளைக் குரல் மாறாமல் கேட்டார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"முந்தி ஆஸ்பத்திரியில இருந்தவவோ?"

"ஓம். நாலு நாள்."

"வீட்டுக்கு வந்த பிறகு ஆராவது போய்ப் பாத்தவையோ?"

"ஒரு ஆள் வந்தவ. அது அவவின்ர வேலையே இல்லை. எண்டாலும் வந்தவ."

"கதவு திறந்ததோ?"

"இல்லை. படலையில மறிச்சுத் திருப்பி அனுப்பினது நான்."

யோகராணி அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

கோபிராஜ் பேனையை வைத்துவிட்டு, "மறிச்ச ஆளைப் போட இந்தப் படிவத்தில இடம் இல்லை மாஸ்டர்" என்றார். கேலியாக அல்ல. உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"அப்ப இடம் போடும் தம்பி" என்றேன். "ஆஸ்பத்திரி என்ன செய்தது, பொலிஸ் என்ன செய்தது எண்டு கேக்கிறியள். வீடு என்ன செய்தது எண்டு ஒரு நிரல் வேணும். பதினெட்டிலும் நிரப்ப ஆள் இருக்கு. என்ர பேரை முதல் எழுதும்."

அவர் அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். விசுவலிங்கம். சொன்னேன்.

மார்ச் 28, வியாழன்

இராசமலரிடம் போனேன். அன்று படலையில் கேட்டதற்கு "இருக்கு" என்று மட்டும் சொன்னேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பை மிளகாய்த்தூள் தந்தார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கிணறு அளக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் படலையில் சைக்கிள் மணிச் சத்தம். யோகராணி. வெள்ளைச் சேலை, கறுப்புப் பை.

"இங்கை தொட்டில் பிள்ளை இல்லையே" என்றேன்.

"பூனை குட்டி போட்டிருக்காம். ஊரில கதை" என்றார். பிறகு, "நியமனம் வரும்வரைக்கும் ஆஸ்பத்திரியால வந்த ஆக்களையும், வீட்டில ஆளைப் பறிகுடுத்த ஆக்களையும் நான் பாக்கட்டாம். டொக்டர் கடிதம் தந்திட்டா. இப்ப என்ர கொப்பியில பேர் இருக்கு."

"என்னையும் போட்டிருக்கிறியளோ?" எனக்குக் கோபமே வந்தது. "எனக்கென்ன? எட்டு வருசமாச்சு. நான் நல்லாத்தான் இருக்கிறன்."

"முதல் பேரே உங்கடதான் மாஸ்டர்."

கொளுவியில் என் கை இருந்தது. நித்திரை, பிறகு வாரும் என்று சொல்ல வேறு யாரும் இல்லாத வீடு. கழற்றினேன்.

தேநீர் போட்டேன். அவர் தவமணியின் அறை வாசலில் நின்று குட்டிகளைப் பார்த்தார். நான்கு. தையல் மெசினையும் பார்த்தார். பிறகு வந்து இருந்து, பையிலிருந்து கொப்பியை எடுத்து, மூடியே மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்காவைப் பற்றிச் சொல்லுங்கோ."

எதையும் ஒழுங்காகத் தொடங்க வேண்டும் என்பது என் பழக்கம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன்.

"நான் திரும்பிப் போன பிறகு குசினிக்குள்ள அவ என்ன செய்தவ, அதில இருந்து" என்றார்.